தட்டினால் பாடும் தொட்டி

துவாக் போடுவதற்குக் கை சுத்தமாக இருக்க வேண்டும், தம்பி. அதைவிட வாய் சுத்தமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மனது. கோபத்தோடு ஒருத்தி அரிசியைக் கிளறினால் அந்தச் சாடிக் கள் கெட்டுப் போகும். உங்கள் அம்மாவும் இதைச் சொல்லித்தான் உங்களை வளர்த்திருப்பார். போலீஸ் சார்ஜன் சட்டை போட்டிருந்தாலும் நீங்களும் ஆற்றின் கீழ்ப்பக்கத்து நீள்வீட்டில் பிறந்தவர்தானே.

சாடி ஊறும்போது, புளித்துவிடும் என்று, பக்கத்தில் எலுமிச்சையின் பெயரைக்கூட எடுக்க மாட்டோம். ஊறி முடிந்த பிறகும் அப்படித்தான். குவளையை வாங்கியவர் நன்றாக இருக்கிறது என்பார், இல்லையென்றால் சும்மா இருப்பார். குறை சொன்னால் போட்டவளின் கைக்கு ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. நீட்டிய குவளையை வேண்டாம் என்று தள்ளுவதும் கிடையாது. தள்ளிவிட்டுப் போனவனைப் பாம்பு கடிக்கும், முதலை இழுக்கும். குடிக்க முடியாதவன் ஒரு விரலால் குவளையைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டாலே போதும், தோஷம் கழிந்துவிடும். நீங்கள் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் இந்த இரண்டு வழக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் அதிலிருந்து தொடங்குகிறேன். மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். காப்பி ஆறுகிறது, அதையும் குடியுங்கள்.

என் பெயர் லூலோங். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. எல்லோருக்கும் நான் ஜாபும்மா. ஜாபு என் ஒரே மகன். அவன் போன பிறகும் எனக்கு அதே பெயர்தான். காலையில் தண்ணீர் எடுக்கப் போனால் ஜாபும்மா, மிளகு காயப்போட்டால் ஜாபும்மா. செத்துப் போன பிள்ளையின் பெயரை நாள் முழுக்க அடுத்தவர் வாயில் கேட்டுக்கொண்டே சோறு தின்ன வேண்டும். பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

மேல் ஆற்றில் மரம் வெட்டும் முகாமில் அவன் வேலை பார்த்தான். வேலை வாங்கிக் கொடுத்தவர் எங்கள் நீள்வீட்டின் கடைசிக் குடும்ப அறையில் இருந்த கெருன்சின். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன் முறை, நான் அண்ணன் என்பேன். ரம்பம் பிடிக்கிறவர்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் காட்டுக்குள் போக வேண்டும். அன்றைக்குக் காலையில் ஜாபுவின் ஜோடியான கெருன்சின் அண்ணனுக்குத் தலைவலி, படுத்துவிட்டார். ஜாபு தனியாகப் போனான். சரிவில் கிடந்த மரம் உருண்டது. மாலையில்தான் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அதுவரை அவனுக்கு உயிர் இருந்ததா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உடம்பைப் படகில் கொண்டுவந்து இறக்கியவர் கெருன்சின் அண்ணன்தான். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைத் தூக்கி உட்கார வைத்து, துவாக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஜாபு வரத் தொடங்கினான். கனவில்தான். ஏணிப்படிக்குக் கீழே, ஈரத் துணியோடு நிற்பான். மேலே ஏறி வரமாட்டான். "அம்மா, வழி தெரியல. கூட ஆளு இல்ல," என்பான். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டான். நான் சோற்றை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் விழித்துவிடுவேன். விடிந்து பார்த்தால் படியடியில் ஈரம் இருக்கும். மழை என்பார்கள்.

இறந்தவர் விழா எடுக்கிற வரைக்கும் செத்தவன் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. விழாவில் அவன் பேருக்கு ஒரு மூங்கில் கூடை பின்னித் தொங்கவிட்டு, அவன் பங்குத் துவாக்கைக் கொடுத்த பிறகுதான் அவனுக்குப் பாதை திறக்கும். ஆனால் அந்த விழாவை ஒரு அறைக் குடும்பம் தனியாக எடுக்க முடியாது. வீடு முழுக்கச் சேர்ந்து எடுக்க வேண்டும், அதுவும் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான். என் அறையில் நான் ஒருத்திதான் மிச்சம். நான் கண்ணை மூடினால் அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள், ஜாபுவுக்குக் கூடை பின்ன ஆள் இருக்காது. அவன் அந்தப் படியடியிலேயே நிற்க வேண்டியதுதான். என் மூச்சு இரண்டு வருடமாகச் சரியில்லை. படகுத்துறையிலிருந்து ஏறி வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்கிறேன். எனக்கு இருந்த அவசரம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் நீள்வீடு எரிந்ததைப் பற்றி உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் வந்து எழுதிக்கொண்டு போனீர்கள். அரிசி எரிந்தது, துணி எரிந்தது, அதெல்லாம் திரும்ப வந்துவிடும். சாடிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஆற்றங்கரையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டு வழக்கப்படி இறந்தவர்களின் துவாக் ஊறுகிற பாத்திரம் தட்டினால் பாட வேண்டும். சடங்குப் பாடகர் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். பாடுகிற பாத்திரம்தான் செத்தவர்களைக் கூப்பிடும். பிளாஸ்டிக் வாளி பாடாது. டவுனில் விற்கிற புதுச் சாடி தொப்பென்று சத்தம் போடும். பக்கத்து வீடுகளில் இரவல் கேட்கவும் வழியில்லை. இறந்தவர்களுக்கு ஊறிய சாடியைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

விழா ஒரு தடவை தள்ளிப் போனது. மறு வருடமும் தள்ளிப் போனது. மூன்றாம் முறை வீட்டுத் தலைவர் ரிங்காய் பொதுக்கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஜாபும்மா, கோவிச்சுக்காத. சாடி இல்லாம விழா எப்படி எடுக்கறது? இன்னும் நாலஞ்சு வருஷம் போகட்டும். செத்தவங்களுக்கு என்ன அவசரம்?"

"அவங்களுக்கு இல்ல, எனக்கு இருக்கு," என்றேன்.

"நீ எங்களையெல்லாம் பொதைச்சுட்டுத்தான் போவ," என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆற்று முகத்தில் மூடிக் கிடக்கிற பலகை ஆலையில் என் தங்கை மகன் ஜம்பி காவல் பார்க்கிறான். அவன்தான் அந்தத் தொட்டியைப் பற்றிச் சொன்னான். இரும்பு வியாபாரிகள் மற்றதையெல்லாம் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒரு எவர்சில்வர் தொட்டி மட்டும் கொட்டகைக்குள் மிஞ்சிக் கிடக்கிறது, மழைத்தண்ணீர் பிடிக்க வேண்டுமா என்று கேட்டான். போய்ப் பார்த்தேன். என் தோள் உயரம், வயிறு பருத்து, சாடி போலவே இருந்தது. விரலால் தட்டினேன். பாடியது, தம்பி. பெரிய வெண்கலச் சேகண்டியைத் தட்டிவிட்டு அது அடங்குகிற வரை காத்திருப்பது போலக் காத்திருந்தேன். என் மகன் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

துவாக் போடத்தான் என்று சொன்னதும் ஜம்பியின் முகம் மாறிவிட்டது.

"வேணாம் பெரியம்மா. மழைத்தண்ணி பிடிச்சுத் துணி அலசத்தான்னு நெனச்சேன். இது மருந்துத் தொட்டி. பலகையைப் பூச்சி அரிக்காம இருக்க முக்குவாங்களே, அந்த மருந்து கலக்குறது."

"எவர்சில்வர்ல எதுவும் ஒட்டாதுடா."

"சுவத்துல ஒட்டாது. அடியில வால்வு இருக்கு, வெல்டு வெச்ச மடிப்பு இருக்கு. அந்தப் பச்சைப் பொருக்கைப் பாத்தியா? அது உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு யாரு கண்டா?"

"கழுவினா போகும்."

"போச்சுன்னு எப்படித் தெரியும்?"

அவன் கேட்டது சரியான கேள்வி. ஆலையை நடத்தியவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டிருப்பேன். டவுனில் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று நீங்கள் இப்போது சொல்கிறீர்கள், அதையும் நினைத்தேன். வேண்டாம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? எழுதி வந்ததை மீற முடியாது. எழுதாததைக் கழுவிக்கொண்டே இருக்கலாம்.

தொட்டி படகில் வந்து இறங்கியதும் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தேன். தோள்பட்டை இறங்கிப் போகிற அளவுக்குத் தேய்த்தேன். பச்சைப் பொருக்கு மேலாகப் போய்விட்டது. பிறகு கொஞ்சம் அரிசி வேகவைத்து ஆற வைத்து, ஈஸ்ட் உருண்டையைப் பொடித்துத் தூவி, தொட்டிக்குள் போட்டு மூடினேன். ஊறியதும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். நல்ல வாசம்தான். ஒரு மூலையில் மட்டும், நாக்கில் பழைய காசை வைத்தது போல ஒன்று இருந்தது. எனக்கு வயதாகிவிட்டது, என் மூக்கை நான் நம்புவதில்லை.

கோழிக்கு ஊற்றிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கோழிகளும் பன்றிகளும் விழாவுக்கு என்று நேர்ந்து விட்டவை. அதோடு, செத்தவர்களுக்கு என்று ஊறியதை விலங்கின் முன்னால் வைப்பது மரியாதை இல்லை.

கெருன்சின் அண்ணன் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் செந்தி கடலோர டவுனில் கட்டிக் கொடுத்த இடத்தில் இருந்தாள், வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். சமையலுக்கு அலுத்துக்கொண்டு வெறும் சோற்றைத் தின்பார். நான் தினமும் மீனோ கீரையோ கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினேன், கூடவே ஒரு குவளை. அவரை யாராவது கவனித்தால் நல்லது என்று வீட்டிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ரிங்காயின் மனைவி மிண்டு என்னைப் பார்த்தால், "என்னக்கா, இந்த வயசுல கல்யாணக் களை," என்று கிண்டல் செய்வாள்.

முதல் குவளையைக் குடித்துவிட்டு அவர் வெகுநேரம் குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு," என்றார். "உன் கை நல்ல கை, ஜாபும்மா."

வேறு என்ன சொல்வார்? அங்கேதான் எனக்குச் சிக்கல் புரிந்தது. எங்கள் ஆட்களில் ஒருவரிடம் குடிக்கக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. வாயிடம் கேட்டுப் பயனில்லை, உடம்பிடம்தான் கேட்க வேண்டும். உடம்புக்கு வழக்கம் தெரியாது.

உடம்பு சீக்கிரமே சொல்லிவிட்டது. வயிறு பிடித்துக்கொண்டது, வாந்தி எடுத்தார். சரி, கழுவியது போதவில்லை என்று தெரிந்தது. ஊறியிருந்ததைக் கொட்டிவிட்டு, உமிச்சாம்பல் தண்ணீரைத் தொட்டிக்குள் கொதிக்க வைத்தேன், மறுபடி கொஞ்சம் அரிசி போட்டேன். அவர் தேறி உட்கார்ந்ததும் அதைக் கொடுத்தேன். இந்தத் தடவை வாந்தி குறைவு. பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார். பிறகு கையிலும். உள்ளங்கைத் தோல் தடித்துக்கொண்டு வந்தது. வலையின் கண்ணி பின்ன முடியவில்லை என்று கையைக் காட்டிச் சிரித்தார். வாந்தி குறைந்ததை நான் முன்னேற்றமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு தொட்டியை ஆற்றில் இறக்கி, வாயைத் திறந்து நீரோட்டத்தில் கட்டிப் போட்டேன். விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பாடகர் வந்து தொட்டியைத் தட்டி, கண்ணை மூடிக் கேட்டு, தலையசைத்துவிட்டார். அன்றைக்கு நான் அழுதேன். ரிங்காய்கூட, "இனிமே தள்ளிப் போடற பேச்சே இல்ல," என்றார்.

இனி ஒரே ஒரு விஷயம்தான் விழாவைத் தடுக்க முடியும், அது சாவு. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் துக்கம் காக்க வேண்டும், சேகண்டி தட்டக் கூடாது, குறித்த நாள் போய்விடும். கெருன்சின் அண்ணனோ அப்போது நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்கள் ஆஸ்பத்திரி என்பார்கள். ஆஸ்பத்திரியில் செத்தாலும் வீட்டுச் சாவு வீட்டுச் சாவுதான். அதனால் வியாபாரியின் படகில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நான் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. கடைசி அறை, எல்லோருக்கும் கூரை வேயவும் விறகு சேர்க்கவும் நேரம் போதாத காலம். விழாச் சாமான்களை அங்கே வைத்திருக்கிறேன், குழந்தைகள் நுழையக் கூடாது என்று சொல்லிப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அவர் ஒரே ஒருமுறைதான் கேட்டார். "ஜாபும்மா, என்னைப் படகுல ஏத்தி விட்டுடேன். செந்தியைப் பாக்கணும்."

நான் மறைக்கவில்லை. நீங்கள் இப்போது போனால் விழா நிற்கும், அண்ணே, ஜாபு படியடியிலேயே நிற்பான் என்று சொன்னேன். நான் குவளையை நீட்டினேன். மூன்றாம் கழுவலுக்குப் பிறகு ஊறியது அது. விரலால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டிருந்தால் போதும், வழக்கம் அவ்வளவுதான் கேட்கிறது. நானும் வற்புறுத்தியிருக்க மாட்டேன்.

"ஜாபுவுக்குத்தானே," என்றார். "தூக்கிப் பிடி. கை நிக்க மாட்டேங்குது."

தலையைத் தாங்கிப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் கொடுத்தேன். என் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் கஞ்சி கொடுப்பேன்.

அதற்குப் பிறகு அவருக்கு நோவு கூடவில்லை. கூடுவதற்கு இடம் இருக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். கூடவில்லை என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதை வைத்துத்தான் தொட்டி சுத்தமாகிவிட்டது என்று முடிவு செய்தேன். தொட்டி நிறைய அரிசி போட்டேன்.

துவாக் ஊறுகிற நாட்களில் பெண்கள் பொதுக்கூடத்தில் உட்கார்ந்து பின்னி முடித்த கூடைகளை வரிசைப்படுத்தினோம். மிண்டு என் பக்கத்துக் கூடைகளைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, எண்ணத் தெரியாதா உனக்கு? உன் அறைக்கு ஒரு பிள்ளைதானே. இன்னொண்ணு யாருக்கு, என் வீட்டுக்காரனுக்கா?" என்றாள்.

"அவரு கேட்டா ஓடிடுவாருடி," என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் விழுந்து சிரித்தார்கள். ஒன்று சரியாக வரவில்லை, மாற்றுக்குப் பின்னினேன் என்றேன். அதை வைத்துக்கொண்டு அவர்கள் மாலைவரை ரிங்காயைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தைய நாள் காலையில் கெருன்சின் அண்ணன் போய்விட்டார். முடிந்தவரை தாங்கினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். குளிப்பாட்டி, நல்ல துணி போர்த்தி, கொசுவலையை இறக்கிவிட்டேன். அறை வாசலில் குங்கிலியப் புகை போட்டேன். விழா முடிகிற வரை புகை அணையாமல் பார்த்துக்கொண்டேன். இறந்தவர்களுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

விழா எப்படி நடந்தது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டாரோடு நீங்களும் வந்தீர்கள். வரிசையில் உங்களுக்கு நான்தான் ஊற்றினேன். நல்லா இருக்கு பெரியம்மா என்றீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு வயிறு எதுவும் பிடித்ததா? பாதத்தில் ஊர்வது மாதிரி? இல்லையென்றால் சரி. சும்மா கேட்டேன். உங்கள் ஆட்கள் தொட்டியின் அடிக்கசடைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனார்களே, அதில் என்ன வந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் நாள் செந்தி வந்தாள். படகு கிடைக்கத் தாமதம் என்றாள். கூட்டத்தில் தேடிவிட்டு என்னிடம் வந்து, "அத்தை, அப்பா எங்க?" என்றாள்.

"உன்கிட்டத்தான் வரேன்னு கிளம்பினாரு. வழியில மாறிப் போயிருப்பீங்க. உக்காரு, களைச்சு வந்திருக்க," என்று அவளுக்கும் ஒரு குவளை ஊற்றினேன். குடித்தாள். அப்பாவைப் போலவே குவளைக்குள் பார்த்தாள்.

கடைசிப் படகு துறையை விட்டுப் போனதும் நானே போய்க் கதவைத் திறந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். விழா முடிந்துவிட்டது, இனி துக்கம் காப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. செந்தி கத்தினாள். ரிங்காய் என் முகத்தைப் பார்க்காமல், "ஜாபும்மா, அந்த ரெண்டாவது கூடை..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதைத்தான் நீங்களும் காலையிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடை கெருன்சின் அண்ணனுக்குத்தான். ஜாபுவின் கூடைக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். மகள் எட்டாத தூரத்தில் இருக்கிறாள், அவருக்கு யார் பின்னுவார்கள்? அவர் படுத்த பிறகு பின்னியதா என்று கேட்டீர்கள். இல்லை. ஜம்பி தொட்டியைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு மூங்கிலைக் கீறினேன். முதல் குவளையை அவருக்கு நீட்டியபோது கூடை முடிந்து என் அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. விழா முடிந்த பிறகு ஜாபு கனவில் வரவே இல்லை. வழிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், தம்பி. அவர் மேல் எனக்கு என்றைக்கும் கோபம் இருந்ததில்லை. இருந்திருந்தால் அந்தத் துவாக் கெட்டுப் போயிருக்கும். வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒருவர்கூட அதைக் குறை சொல்லவில்லை.